எட்டு நாள் ஆணியில் தொங்கிய காசு

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பிறந்து வளர்ந்த என் வயதுக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன், ஒளிக்காமல் சொல்லுங்கள். உங்கள் வீட்டு வெள்ளிக் கொலுசு எத்தனை நாளில் கறுத்தது? வெளியூர்க்காரர்கள் ஆறு மாசம் என்பார்கள், ஒரு வருஷம் என்பார்கள். எங்கள் வீட்டில் எட்டே நாள். வெள்ளிக்கிழமை திருநீறு போட்டுத் துலக்கிய குங்குமச் சிமிழ் அடுத்த வெள்ளிக்கிழமை அடுப்புக்கரி நிறத்தில் இருக்கும். யாரும் ஆச்சரியப்பட்டதில்லை. ஊர்க் காற்று அப்படி.

எங்கள் வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம்தான் தோல் பதனிடுகிற டேனரியின் சுண்ணாம்புக் குழிகள். தோலில் ஒட்டியிருக்கும் முடியைக் கழற்ற சுண்ணாம்போடு சல்பைடு கலந்து ஊறப்போடுவார்கள். அழுகின முட்டை நூறை ஒன்றாக உடைத்தால் என்ன வாசனை வருமோ அது இருபத்துநாலு மணி நேரமும் எங்கள் வீட்டுக்குள் இருக்கும். கணியம்பாடியிலிருந்து அத்தை வந்தால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே காபி குடிப்பாள். ஒரு கையால் டம்ளர், ஒரு கையால் மூக்கு. பொழுது சாய்வதற்குள் பஸ் ஏறிவிடுவாள். எங்களுக்கோ அந்த நாற்றம் இருப்பதே தெரியாது. தெரியாது என்றால் சத்தியமாகத் தெரியாது, அதைப் பற்றித்தான் இந்தக் கதையே.

அப்பா அந்த டேனரியில் தோல் தரம் பிரிக்கிற மேஸ்திரி. பதனிட்ட தோலை மேசை மேல் விரித்து உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் போதும். இது முதல் தரம், இது கீறல், இது உண்ணி கடித்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். மேஸ்திரி கை வைத்தால் மறுபேச்சில்லை என்று பெயர். அந்தப் பெயர்தான் எங்கள் வீட்டுக்கு வம்பைக் கொண்டுவந்தது.

நயா பைசா வந்த புதிது. பழைய காலணாவும் அரையணாவும் இனி செல்லாது என்றதும் ஜனங்களுக்குப் பழைய காசு மேல் திடீரென்று பிரியம் வந்துவிட்டது. டேனரி முதலாளிக்கு அந்தப் பிரியம் சின்ன வயதிலிருந்தே உண்டு. நவாபு காலத்துக் காசு, கம்பெனி காலத்துக் காசு, மைசூர் சுல்தான் காலத்துக் காசு என்று வெல்வெட் விரித்த பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்தார். அவர் வாங்குவார் என்று தெரிந்ததும் பரண், பானை, சாமி உண்டியல் எல்லாவற்றையும் கவிழ்த்துக்கொண்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வந்ததில் பாதி கள்ளக்காசு. இரண்டு முறை ஏமாந்ததும் முதலாளிக்கு ஒரு யோசனை தோன்றியிருக்கிறது. தோலில் தப்பாத கை காசில் மட்டும் தப்புமா?

"மேஸ்திரி, வாங்கறதுக்கு முன்ன இத கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று ஒரு காசை அப்பா கையில் கொடுத்தாராம். தெரியாது என்று சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை. "வீட்டுக்கு எடுத்துப்போய் நிதானமா பாக்கறேன் முதலாளி" என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அன்று சாயங்காலம் அவர் முகத்தைப் பார்த்து அம்மா பயந்தே போனாள்.

"இன்னா ஆச்சு? யாராவது போய்ட்டாங்களா?"

"யாரும் போகல. இது நல்லதா கெட்டதா, எனக்கு ஒரு எழவும் தெரியல."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு அந்தக் காசை வாங்கினாள். விளிம்பைக் கட்டைவிரல் நகத்தால் ஒரு சுற்றுச் சுற்றினாள். "கெட்டது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுக் குழம்பைக் கிளறப் போய்விட்டாள்.

அம்மா வேலூர் பஜாரில் வெள்ளிக் கடையில் எடை போடுகிறவரின் மகள். கல்யாணமாகி வரும்போது அவள் கொண்டுவந்த சீரில் எனக்குப் பிடித்தது ஒரு சின்னத் தராசு. குழந்தை உள்ளங்கை அளவு பித்தளைத் தட்டு இரண்டு, அவை படுக்க மரப்பெட்டி ஒன்று. ஒருநாளும் அதை யாருக்கும் காட்டியதில்லை, பெருமை பேசியதுமில்லை. கட்டின புருஷனுக்கே பன்னிரண்டு வருஷம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்றிலிருந்து இதுவே ஏற்பாடாகிவிட்டது. முதலாளி அப்பாவிடம் கொடுப்பார், அப்பா அம்மாவிடம் கொடுப்பார், அம்மா சொன்னதை அப்பா தன் வாயால் முதலாளியிடம் சொல்வார். மேஸ்திரிக்குக் காசும் தெரியும் என்று ஊரே பேசியது. அம்மா அதைக் கேட்டுச் சிரிப்பாளே தவிர ஒரு சொல் சொல்லமாட்டாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அவள் காசு பார்க்கிற அழகை நான் எத்தனையோ சாயங்காலம் வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். முதலில் விளிம்பு. அச்சில் உருக்கி ஊற்றின காசுக்கு விளிம்பில் ஒரு கோடு இருக்கும், இரண்டு பாதி சேருகிற இடம். அரத்தால் ராவி மறைத்திருப்பான், ஆனால் ராவின தடம் நகத்துக்குத் தட்டும். அடுத்தது எழுத்து. சம்மட்டியால் அடித்த காசில் எழுத்து நிமிர்ந்து நிற்கும், ஊற்றின காசில் சப்பித் துப்பின ஆரஞ்சு மிட்டாய் மாதிரி மழுங்கிக் கிடக்கும். பிறகு தராசு. ராணி தலை போட்ட ரூபாய் சரியாக ஒரு தோலா என்பதால் அதுதான் அவளுக்கு எடைக்கல். அப்புறம் காசை விரல் நுனியில் நிறுத்தி இன்னொரு காசால் லேசாகத் தட்டிக் காதருகே கொண்டுபோவாள். நல்ல வெள்ளி நின்று பேசும், கலப்படம் 'டக்' என்று வாயை மூடிக்கொள்ளும்.

இத்தனைக்கும் பிறகு சந்தேகம் இருந்தால்தான் ஆணி. விளிம்பில் நெல்மணி அளவு இடத்தை மட்டும் திருநீறு தொட்டுத் தேய்த்து வெளுப்பாக்குவாள். அதற்குமேல் ஒரு நூலளவு தேய்க்கமாட்டாள், தேய்த்தால் பழைய காசின் மதிப்பே போய்விடும் என்பாள். அதை வலைத்துணியில் முடிந்து, குழிப் பக்கத்துப் பின்சுவரில் ஓர் ஆணியில் எட்டு நாள் தொங்கவிடுவாள். அசல் வெள்ளியாக இருந்தால் அந்த நெல்மணி கறுத்துவிடும். ஜெர்மன் சில்வர் போன்ற போலி பளபளவென்று பல்லைக் காட்டிக்கொண்டு இருக்கும். ஊர் முழுக்கச் சபித்த நாற்றத்தை அவள் வேலைக்காரனாக வைத்திருந்தாள் ஐயா! உலகத்தில் வேறு எந்த ஊரில் முடியும் இது?

ஒருநாள் வேலூரிலிருந்து ஒருவன் பட்டுத்துணியில் சுற்றின காசோடு வந்தான். கோட்டை அகழி தூர் வாரும்போது சேற்றில் கிடைத்ததாம், அதற்கு அவன் ஒரு மணி நேரம் கதை சொன்னானாம். அப்பாவே பாதி நம்பிவிட்டார். வீட்டுக்கு வந்து அந்தக் கதையை எடுக்கப் போனார்.

"அதெல்லாம் வேணாம். யாரு வித்தாங்க, எங்க கெடச்சுதுன்னு எங்கிட்ட சொல்லாதீங்க. காசு பேசட்டும், ஆளு பேசவேணாம்" என்றாள் அம்மா. காசை மோந்து பார்த்தாள். என்னிடம் நீட்டி, "இன்னா வாசனை வருது சொல்லு" என்றாள்.

"சிம்னி விளக்கு வாசனை."

"மண்ணெண்ணெய்ப் புகையில காட்டி இருநூறு வயசு ஏத்தியிருக்கான்" என்று புடவைத் தலைப்பால் ஒரு துடைப்புத் துடைத்தாள். தலைப்பு கறுத்தது, சுல்தான் காலத்துக் காசு ஒரு நொடியில் நேற்றுப் பிறந்த குழந்தையாகிவிட்டது. அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். யார் விற்கிறார்கள் என்று கேட்காத அந்த வைராக்கியம் எனக்கு அப்போது பெரிய விஷயமாகத் தெரிந்தது. இப்போதும் பெரிய விஷயம்தான், ஆனால் அதிலேதான் அவளுக்கு ஒரு அடி காத்திருந்தது.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் குடியாத்தத்திலிருந்து ஒரு நெசவாளி வந்தார். அப்பாவைவிடப் பெரியவர், முதுகு லேசாக வளைந்தவர், லுங்கி நெய்கிறவர். அடுத்தவர் தறியில் கூலிக்கு உட்கார்ந்தே தலை நரைத்தவர். அவர் தெருவில் ஒருவர் ஊரைவிட்டுப் போவதால் தன் தறியை விற்கிறார், அதைத் தாம் வாங்கிவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. விற்பதற்கு அவரிடம் இருந்தது மைசூர் சுல்தான் காலத்து இரட்டை ரூபாய் ஒன்று. செத்துப்போன அவர் மனைவி கழுத்தில் கிடந்தது. இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அம்மாவுக்கும் பிற்பாடுதான் தெரிந்தது, அப்பா சொல்ல வாயெடுத்தபோது வழக்கம்போல அவள் அடக்கிவிட்டாள்.

எழுத்து நிமிர்ந்து நின்றது. எடை இரண்டு ரூபாய்க்குச் சரியாக இருந்தது. ஆனால் தட்டிப் பார்த்தால் ஓசை நிற்கவில்லை, 'டக்' என்றது. விளிம்பில் ஓரிடத்தில் எதையோ ஒட்டிப் பூசின வடு வேறு.

"மனசு ஒருபக்கம் நல்லதுங்குது, காது கெட்டதுங்குது" என்று அம்மா நெடுநேரம் அதைப் புரட்டினாள். "ஆணியிலேயே போடுவோம், அது சொல்லட்டும்."

எட்டு நாள் கழித்து வரும்படி அப்பா அவருக்குச் சொல்லி அனுப்பினார்.

அந்த எட்டு நாளை நினைத்தால் இன்றும் எனக்குச் சந்தோஷமாகவும் இருக்கிறது, வெட்கமாகவும் இருக்கிறது. கணியம்பாடி அத்தை வந்தாள், மூக்கைப் பொத்தாமல் காபி குடித்தாள், மூன்று நாள் தங்கினாள்! நான் தலையில் வைத்த மல்லிகைப்பூ வகுப்பு முழுக்க மணந்தது. சாம்பார் கொதிக்கிற வாசனை தெருமுனை வரைக்கும் வந்தது. "இந்த வருஷம் பூவு நல்ல பூவு" என்று அம்மா சொன்னாள், நானும் ஆமாம் என்றேன். அப்பா சாப்பிடும்போது ஒருநாள், "சல்பைடு டிரம்மு மெட்ராஸ் ஹார்பர்ல மாட்டிக்கிச்சாம், குழி எல்லாம் காலி, அந்த ஆளுங்க சும்மா ஒக்காந்து பீடி குடிக்கறாங்க" என்று சொன்னார். மூன்று பேரும் ஒரே அறையில் இருந்தோம். மூன்று பேர் காதிலும் விழுந்தது. ஒருவருக்கும் உறைக்கவில்லை.

எட்டாம் நாள் அம்மா முடிச்சை அவிழ்த்தாள். நெல்மணி அளவு தேய்த்த இடம் தேய்த்தபடியே வெளுப்பாக இருந்தது.

"வெள்ளி இல்ல" என்றாள்.

அன்று மத்தியானம் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனேன். டேனரி கேட்டில் நெசவாளி நின்றிருந்தார், துவைத்த வேட்டி, நெற்றி நிறைய விபூதி. அப்பா காசை அவர் கையில் வைத்து, "இது வெள்ளி இல்லப்பா, எடுத்துக்கினு போ" என்றார்.

"சார், என் வீட்டுக்காரி கழுத்துல கெடந்தது சார்."

"எல்லாரும் இதான் சொல்றாங்க. போப்பா, வேலையைப் பாரு."

வாட்ச்மேன் சிரித்தான். பீடி குடித்துக்கொண்டிருந்த குழி ஆட்களும் சிரித்தார்கள். "சுல்தான் பேரன் வந்திருக்காரு, வழி வுடுங்கடா" என்று ஒருவன் கத்தினான். அவர் காசை மடியில் முடிந்துகொண்டு, வந்த வழியே நடந்தார். நானும் சிரித்தேன். சொன்னால் வெட்கக்கேடு, ஆனால் சிரித்தேன்.

அடுத்த வாரம் டிரம் வந்தது, குழி நிறைந்தது. ஒருநாள் காலையில் அம்மா எனக்குப் பின்னல் போட்டுப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். நான் பின்னலை முன்னால் இழுத்து மோந்து பார்த்தேன்.

"ஏம்மா, போன வாரம் பூவு எப்படி வாசனை அடிச்சுது! இப்ப ஏன் அடிக்கவே மாட்டேங்குது?"

என் பின்னலில் அவள் கை அப்படியே நின்றது. எழுந்து சாமி அறைக்குப் போய்க் குங்குமச் சிமிழை எடுத்து வந்தாள். கறுக்கத் தொடங்கியிருந்தது. முந்தின வாரம் அதைத் துலக்க எடுத்தவள் வெளுப்பாக இருக்கிறதே என்று அப்படியே வைத்திருக்கிறாள். அதுவும் அவளுக்கு இப்போதுதான் நினைவு வந்தது. சிமிழை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நாத்தமே இல்லாத வாரத்துல ஆணியில மாட்டிட்டு அந்த மனுஷன பொய்யன்னு சொல்லிட்டனேடி" என்றாள். என் அம்மா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மத்தியானம் அப்பாவிடம் சொன்னாள். அந்தக் காசு யாருடையது என்று அன்றுதான் முதல் முறையாகக் கேட்டாள். அப்பா தறி விஷயத்தைச் சொன்னார், மனைவி கழுத்தில் கிடந்ததைச் சொன்னார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"கழுத்துல போட்டிருந்தா வளையம் வெச்சு ஈயத்தால பத்த வெச்சிருப்பாங்க. அந்த ஒட்டுதான் வடு. பத்த வெச்ச காசு எப்படி நின்னு பேசும்? அதான் டக்குன்னுச்சு. நீங்க சொல்ல வந்தீங்க, நான்தான் வாயை மூடுன்னேன்."

"சரி, போனது போச்சு, வுடு."

"இன்னா வுடறது? முதலாளிகிட்ட சொல்லுங்க."

"இன்னான்னு சொல்றது? இத்தினி நாளா பாத்தது நான் இல்ல, என் பொண்டாட்டின்னா? அப்புறம் அந்த டேனரியில என் மூஞ்சிய எங்க வெச்சுக்கறது? சீட்டு கிழிஞ்சிடும்."

அப்பா பயந்ததில் நியாயமில்லை என்று நான் சொல்லமாட்டேன். மூன்று வயிறு அந்த வேலையை நம்பி இருந்தது. ஆனால் அந்த லுங்கி நெய்கிறவருக்கும் ஒரு வயிறு இருந்ததே! தெருவில் லுங்கி விற்க வருகிற குடியாத்தத்துக்காரி அடுத்த நாள் சொன்னாள்: கள்ளக்காசு விற்கப் போனவர் என்று பேர் ஊர் வரைக்கும் போய்விட்டது, நூல் கொடுக்கிறவர் அவருக்கு நூலை நிறுத்திவிட்டார், தறி விற்கிறவரும் வருகிற அமாவாசை வரைக்கும்தான் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டார். அமாவாசைக்குப் பதினோரு நாள் இருந்தது. அம்மா அதைக் கேட்டுக்கொண்டாள். அப்பாவுக்குச் சோறு போட்டாள், ரசம் ஊற்றினாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, டேனரி லீவு. தொழுகை முடிந்து முதலாளி வீட்டில் இருப்பார். அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே பின்னால் ஓடி வந்தார்.

முதலாளி எழுந்து நின்று வரவேற்றார். அம்மா உட்காரவில்லை.

"முதலாளி, உங்க காசையெல்லாம் பாத்தது இவரு இல்லீங்க, நான். குடியாத்தத்துக்காரர் காசைக் கெட்டதுன்னு சொன்னதும் நான்தான். தப்பா பாத்துட்டேன். திட்டறதுன்னா என்ன திட்டுங்க."

முதலாளி அவளைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். அப்பா முகத்தில் ஈயாடவில்லை. குழி காலியாக இருந்தது, காசு கறுக்காதது எல்லாவற்றையும் அம்மா ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தாள்.

"அப்போ அது அசல்தானா?" என்றார் முதலாளி.

"அது தெரியாதுங்க. பொய்யின்னு சொன்னது தப்புன்னு மட்டும்தான் தெரியும்."

முதலாளி தாடியைத் தடவிக்கொண்டார். பிறகு அப்பா பக்கம் திரும்பினார்.

"மேஸ்திரி, தோலும் வீட்டுலதான் பாக்கறீங்களா?"

"ஐயோ, இல்ல முதலாளி, தோல் நான்தான்!"

அப்பா அலறின அலறலில் உள்ளேயிருந்து முதலாளியம்மா சிரித்த சத்தம் கேட்டது. முதலாளியும் சிரித்துவிட்டார். "போங்கம்மா, அந்த ஆள போய்ப் பாருங்க. இஷ்டப்பட்டா காசைத் திரும்பக் கொண்டாரட்டும்" என்று அனுப்பினார். தலை தப்பியது என்று அப்பா வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

சனிக்கிழமை காலை ரயிலில் குடியாத்தம் போனோம். அந்தத் தெருவில் நுழைந்தபோது பாவு நீட்டியிருந்தார்கள். தெரு நீளத்துக்கு நூலை இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் ஆணும் பெண்ணும் வரிசையாக நின்று கஞ்சி தடவிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆள் வீட்டு வாசலில் தனியாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார், அவரை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

அவரிடம் தனியாகச் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். அம்மா என்ன செய்தாள் தெரியுமா? பாவின் ஒரு முனையில் நின்று, "இந்த அண்ணன் காசை கள்ளக்காசுன்னு சொன்னது நான்தாங்க. நான் சரியா பாக்கல. தப்பு என்னுது" என்றாள். நான்கு அடி நடந்தாள், அங்கிருந்தவர்களுக்கு மறுபடி சொன்னாள். மறுபடி நடந்தாள், மறுபடி சொன்னாள். கஞ்சி தடவுகிற கைகள் ஒவ்வொன்றாக நின்றன. அடுத்த முனை போய்ச் சேருகிற வரைக்கும் விடவில்லை. குரல் ஒரு இடத்தில்கூடத் தழையவில்லை. எத்தனையோ பெரிய மனிதர்களை மேடையில் பார்த்துவிட்டேன், இந்தத் தைரியத்தை ஒருவரிடமும் பார்த்ததில்லை.

நெசவாளி இளகிவிடவில்லை. "கேட்டுல நிக்கவெச்சு சிரிச்சாங்களே, அதுக்கு இன்னாம்மா பண்றது?" என்று கேட்டார்.

அதற்கு அப்பா முன்னால் வந்தார். "அதே கேட்டுல, அதே ஆளுங்க முன்ன நான் சொல்றேன். நீங்க வந்து நில்லுங்க."

நெசவாளி அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே போய்க் காசை எடுத்து வந்து அம்மா கையில் வைத்தார்.

"அண்ணே, இப்பகூட இது வெள்ளின்னு எனக்குத் தெரியாது" என்றாள் அம்மா.

"எனக்குத் தெரியும்மா" என்றார்.

திரும்பவும் திருநீறு, திரும்பவும் நெல்மணி, திரும்பவும் ஆணி. அமாவாசைக்குச் சரியாக ஒன்பது நாள். அந்த வாரம் எங்கள் வீடு நடந்துகொண்ட விதத்தை வெளியாள் பார்த்திருந்தால் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பான். நாற்றம் வர வேண்டும் என்று சாமிக்கு விளக்கேற்றின வீடு எங்கள் வீடு ஒன்றுதான். அப்பா காலையில் எழுந்ததும் பின்பக்கம் போய் மூக்கை உறிஞ்சுவார். "இன்னிக்கு ஜாஸ்தி!" என்பார், உடனே காபி இறங்கும். மூன்றாம் நாள் காற்று எதிர்ப்பக்கம் திரும்பி ஏலகிரியிலிருந்து சிலுசிலுவென்று அடித்தது. ஊரே ஆகா என்றது. அப்பா மட்டும் "கம்மியா கீதே, கம்மியா கீதே" என்று பேஜாராகிச் சாப்பிடாமல் எழுந்தார்.

நான்காம் நாள் நெல்மணி வைக்கோல் நிறமானது. என் கண்ணுக்குத்தான் அப்படித் தெரிகிறதோ என்று அப்பாவைக் கூப்பிட்டேன், அவரும் ஆமாம் என்றார். அம்மா மட்டும், "அவசரப்படாதீங்க, எட்டு நாள்னா எட்டு நாள்" என்றாள். ஆறாம் நாள் புளி நிறம். எட்டாம் நாள் காலையில் முடிச்சை அவிழ்த்தாள். அந்த நெல்மணி அளவு இடம் கன்னங்கரேலென்று கறுத்திருந்தது. வெளியே கொண்டுபோய் வெயிலில் பார்த்தாள், கறுப்பு கறுப்புதான். அப்பா காசை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நாங்கள் மூன்று பேரும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அன்று மத்தியானம் அதே கேட்டில் நெசவாளியை நிற்கவைத்து, வாட்ச்மேன், குழி ஆட்கள் எல்லாரையும் கூப்பிட்டு, "இவரு காசு அசல். நான் தப்பு சொன்னேன். காசு பாக்கறதும் நான் இல்ல, என் வீட்டுக்காரி" என்றார். முன்னே கத்தினவன் தலையைச் சொறிந்துகொண்டு, "மன்னிச்சுக்க பெரியவரே" என்றான். முதலாளி காசை வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு காசு வந்தால் முதலாளியின் கார் டிரைவர் நேராக எங்கள் வீட்டு வாசலில் வந்து, "அம்மா, முதலாளி குடுத்தாரு" என்று நிற்பான். யார் விற்கிறார்கள், எங்கே கிடைத்தது என்று அம்மா இப்போது முதலிலேயே கேட்பாள். கேட்டுவிட்டுத்தான் தராசை எடுப்பாள், கேட்டுவிட்டோம் என்பதற்காக ஒரு காசையும் சோதிக்காமல் விட்டதில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை நெசவாளி வாசலில் வந்து நின்றார். கையில் கட்டம் போட்ட சிவப்புத் துண்டு ஒன்று.

"சொந்தத் தறியில மொத மொத அறுத்ததும்மா. உங்களுக்குத்தான்."

அம்மா வாங்கினாள். வாங்கினவள் சும்மா இருப்பாளா? துண்டை வெளிச்சத்தில் பிடித்து இழை பார்த்தாள். ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். அப்புறம் சொம்புத் தண்ணீரில் ஒரு முனையை நனைத்துத் தன் வெளிர்நிறப் புடவைத் தலைப்பில் வைத்து அழுத்தித் தேய்த்தாள். எனக்கு மானம் போயிற்று. அன்பாகக் கொண்டுவந்ததை இப்படியா செய்வது என்று அப்பா, "ஏய், இன்னா பண்றே நீ?" என்று பல்லைக் கடித்தார்.

நெசவாளி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது, ஆனால் முகமெல்லாம் சிரிப்பு.

"பாக்கட்டும் சார், நல்லா பாக்கட்டும்" என்றார். "அவங்க பாக்காம வாங்கிக்கினா தான் எனக்கு வருத்தம்."

அம்மா தலைப்பை விரித்துக் காட்டினாள். சாயம் ஒட்டவில்லை.